வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி: யாரைக் கேட்டுப் பயிர் செய்வது?



சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. காலைப் பெரட்டு முடிந்த கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாவைக் கைத்தாங்கலாக கிளினிக்குக்கு அழைத்து வந்தார்கள். வாந்தி, வயிற்று வலி. வாயில் எச்சில் ஒழுகுகிறது, கண்ணில் நீர் நிற்கவில்லை. டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது.

"என்னம்மா செஞ்சீங்க?" என்றேன்.

"ஒண்ணும் செய்யலீங்க ஐயா. பயத்தங்காய்ல பேன் விழுந்திருந்துச்சு, மருந்து அடிச்சேன்."

"என்ன மருந்து?"

"தெரியலீங்களே. பக்கத்து வீட்டுத் தம்பி குடுத்துச்சு. மினரல் தண்ணி போத்தல்ல இருந்துச்சு."

கையுறை இல்லை, முகத்தில் துணி இல்லை, காற்றுக்கு எதிரே நின்று அடித்திருக்கிறார். உடுத்தியிருந்ததைக் களைந்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் செய்து, தோட்டத்து வேனில் அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினேன். நான்கு நாள் கழித்து நல்லபடியாக வீடு திரும்பினார். மருந்தின் பெயர் தெரியாததால் அங்கே டாக்டர்கள் அறிகுறிகளை மட்டும் வைத்தே சிகிச்சை பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மீதி மருந்தோடு அந்தப் போத்தல் அடுப்பங்கரையில்தான் இருந்ததாம். அந்த வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். ஆள் அனுப்பி அதை எடுத்து வரச் செய்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் காய்கறி போடுவதை நிறுத்திவிடாதீர்கள். போட வேண்டும் என்று சொல்பவன் நான். 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலேயே, குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதாவது சுமார் 2,700 சதுர அடி. 1974-ல் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கியபோது, சும்மா கிடக்கும் இடத்திலெல்லாம் காய்கறி போடச் சொன்னார்கள். இன்று செம்பனை வீட்டு வாசல் வரை வந்துவிட்ட இடங்களும் உண்டு. ஆனாலும் நாலு பாத்திக்கு இடம் இருக்கும். இல்லையென்றால் கிளைச் செயலாளர் மூலமாக நிர்வாகத்திடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இடம் கிடைத்துவிடும். விஷயம் தெரிந்தவர் கிடைக்க வேண்டுமே! பசார் மாலாமில் விதை விற்பவர் ஒன்று சொல்வார், மருந்து அடிக்கும் கேங்கில் ஒருவர் இன்னொன்று சொல்வார், கைத்தொலைபேசியில் மூன்றாவதாக ஒன்று வரும். எல்லாருமே நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். அந்தப் போத்தலைக் கொடுத்த தம்பியும் உதவி செய்வதாக நினைத்துத்தான் கொடுத்தான்.

முதலில் கேட்க வேண்டியது உங்கள் லயத்திலேயே இருக்கும் வயதான பாட்டிமார்களை. எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எங்கே காலை வெயில் விழும், எந்த மாதம் மழை பிடிக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பாத்தியை ஏன் ஒரு முழம் உயர்த்திக் கட்ட வேண்டும் என்று கேட்டால், வேர் அழுகிப்போன கதையோடு சொல்வார்கள். பாகற்காய் பிஞ்சாக இருக்கும்போதே பழைய பேப்பரில் கூடு செய்து மாட்டிவிட்டால் பழ ஈ குத்தாது. ஒரு சென் மருந்துச் செலவில்லை. பேன் விழுந்த கொழுந்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு, லேசான சோப்புத் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தாலே பாதி குறையும். எங்கள் தோட்டத்தில் இந்தோனேசியத் தொழிலாளர்கள் சிலர் வெறும் மண்வெட்டியை வைத்துக்கொண்டே அழகாகப் பயிர் செய்கிறார்கள். அவர்களிடமும் போய்ப் பேசிப் பாருங்கள்.

பாட்டிக்கும் தெரியாதது உண்டு. நம் மண்ணில் பெரும்பாலும் புளிப்புத்தன்மை அதிகம். எவ்வளவு சுண்ணாம்பு போடுவது, இலை ஏன் மஞ்சளாகச் சுருள்கிறது, இந்தப் பூச்சிக்கு எது, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதற்கெல்லாம் மாவட்ட விவசாய இலாகா அலுவலகம் இருக்கிறது. நோய் கண்ட இலையை ஒரு பிளாஸ்திக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ஆலோசனைக்குப் பணம் வாங்கமாட்டார்கள். செர்டாங்கில் உள்ள மார்டி ஆராய்ச்சிக் கழகம் பயிர்கள் பற்றி மலாயில் புத்தகங்கள் வெளியிடுகிறது. நமக்கு மலாய் படிக்கச் சிரமமாக இருந்தால், இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை வாசித்துச் சொல்லட்டும். பிள்ளைக்கும் வீட்டில் ஒரு மரியாதை கிடைத்த மாதிரி இருக்கும்.

மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால், கடையில் சீல் உடைக்காத போத்தலாக வாங்குங்கள். அதில் மருந்தின் பெயர், பதிவு எண், எந்தப் பயிருக்கு, அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை என்பதெல்லாம் அச்சடித்திருக்கும். வெளிக்காட்டு மருந்து வீட்டுப் பாத்திக்கு ஆகவே ஆகாது. அது செம்பனைக்கும் புல்லுக்கும் கணக்குப் போட்டது, கீரைக்கு அல்ல. பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய போத்தல் எங்காவது ஒளிந்திருந்தால் நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஒரு மடக்கு உள்ளே போனாலும் உயிர் தப்புவது அரிது. காலி மருந்து டிரம்மில் தண்ணீர் பிடித்துச் செடிக்கு ஊற்றுவதையும் பார்க்கிறேன். எத்தனை தடவை கழுவினாலும் அந்த டிரம் வீட்டுக்கு வரக்கூடாது. யாருக்காவது விஷம் பட்டுவிட்டால் போத்தலையும் கையோடு கொண்டு வாருங்கள். பெயர் தெரிந்தால், பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தை டாக்டர்கள் தொலைபேசியில் கேட்டுக்கொள்வார்கள்.

இனி என் பங்குக்கு, கிளினிக்கில் என்னிடம் கேட்க வேண்டியது. கர்ப்பிணிகளுக்கு ரத்தத்தின் அளவு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்கிறோம். தண்டுக்கீரை, முருங்கைக்கீரை, சாயூர் மானிஸ் எல்லாம் நல்லதுதான். ஆனால் கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சுலபமாக ஏறாது. எலுமிச்சை பிழிந்தோ, கொய்யாப்பழத்தோடோ சாப்பிட்டால் கூடுதலாக ஏறும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் ஏறுவதும் குறைந்துவிடும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். கீரை சாப்பிடுகிறோமே என்று இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதை வாரத்துக்கு இரண்டு பேரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

சாயூர் மானிஸ், நம்மவர்கள் தவசி முருங்கை என்பார்களே, அதைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வதக்கியோ முட்டை போட்டோ சமைத்துச் சாப்பிடுவது இந்த நாட்டு வழக்கம், அதைப்பற்றி ஒன்றும் இல்லை. தைவானில் 1990-களின் நடுவில், உடம்பு இளைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, பலர் இதைப் பச்சையாக அரைத்துத் தினமும் சாறாகக் குடித்தார்கள். நுரையீரலின் சிறு குழாய்கள் அடைத்துக்கொண்டன. மருந்து கொடுத்தும் பழைய மூச்சு திரும்பவில்லை, இறந்தவர்களும் உண்டு. கீரை ஒன்றுதான், யார் பேச்சைக் கேட்டுச் சாப்பிட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

மண்ணில் இறங்கும்போது பூட்ஸ் போடுங்கள். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண் காலில் உள்ள புண்ணில் பட்டால் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கி சிறுநீரகம் வரை போகும். காய்ச்சல் வந்தால் "தோட்டத்தில் மண் கொத்தினேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். செடிக்குப் பிடித்து வைத்த தண்ணீரை மூடி வைத்து, வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழெட்டு நாள் போதும். கழிவுநீர் ஓடும் கால்வாயில் தானாக முளைத்த கங்கோங்கைப் பறிக்க வேண்டாம். பாத்தியிலேயே விதைத்தால் நாலு வாரத்தில் பறித்துவிடலாம்.

அந்த அம்மா மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளே என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, அந்தப் பயத்தங்காயை எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கலாம்?" என்பதுதான். பேர் தெரியாத மருந்துக்கு நாள் கணக்கு ஏது? கொடியைப் பிடுங்கிக் குழியில் புதைக்கச் சொன்னேன். மனசே இல்லாமல்தான் செய்தார். பிறகு விவசாய இலாகாவுக்கு மகளோடு போய் வந்து, வேறு பாத்தியில் தண்டுக்கீரை விதைத்திருக்கிறார். போன வாரம் ஒரு கட்டு கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, "மருந்து எதுவும் அடிக்கலீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.