சித்திரைக்குக் கீழே ஒரு கோடி விண்மீன்கள்

இரவு வானத்தைப் படமெடுக்கக் கிளம்புகிற நம் இளைஞர்கள் பலருக்கும் லடாக்கின் ஹான்லேதான் கனவு. 4,500 மீட்டர் உயரம், வறண்ட காற்று, கும்மிருட்டு எல்லாம் அங்கே உண்டு. ஆனால் ஜவ்வாது மலையில் கிடைக்கிற தெற்கு வானம் அங்கே கிடைக்காது. ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் விண்மீன் கொத்து ஹான்லேயில் சுமார் பத்து பாகை உயரத்துக்கு எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். ஜவ்வாது மலையின் காவலூர்ப் பக்கம் அது முப்பது பாகை ஏறும். வானியலாளர் வைனு பாப்பு தன் வானாய்வகத்துக்குக் காவலூரைத் தேர்ந்ததில் இந்தத் தெற்கு வானத்துக்கும் பங்குண்டு.

ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில், சுமார் ஒரு கோடி விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும் கொத்து அது. வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒற்றை மீன்போலத்தான் தெரியும். அது தனி மீன் அல்ல என்று 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்துக் குறித்தவர் எட்மண்ட் ஹாலி. கண்டுபிடிப்பது சுலபம். சித்திரை நட்சத்திரம் தெற்கே உச்சத்துக்கு வரும்போது, அதற்கும் அடிவானத்துக்கும் பாதி வழியில் நேர் கீழே பாருங்கள். மார்ச் நடுவில் பின்னிரவு இரண்டு மணிக்கு மேல், ஏப்ரல் நடுவில் நள்ளிரவு. அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கொத்துகளில் தொடங்குவதே நல்லது என்பேன். நெபுலாக்களின் சிவப்பு ஒளியில் பெரும்பகுதியைச் சாதாரண கேமராவின் உள்வடிகட்டி தடுத்துவிடும். கொத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கையில் இருக்கும் கேமராவும் 200 மி.மீ. லென்ஸும் போதும். ஆனால் பூமி சுழல்வதால், வெறும் டிரைபாடில் இரண்டு விநாடியைத் தாண்டினாலே மீன்கள் கோடாக இழுபடும். அதற்குத்தான் விண்மீன்களின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவை மெல்லத் திருப்பும் டிராக்கர்.

டிராக்கரின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். இங்கேதான் நம்மூருக்கே உரிய சிக்கல். காவலூரில் துருவ நட்சத்திரம் பன்னிரண்டரை பாகை உயரத்தில்தான் நிற்கும். ஒரு புளியமரம் போதும், மறைத்துவிடும். போதாக்குறைக்கு ஆம்பூர், வாணியம்பாடி வெளிச்சம் வரும் திசையும் ஏறக்குறைய அதுவே. அதனால் பகலிலேயே போய், வடக்கும் தெற்கும் திறந்த இடமாகப் பார்த்துவைக்க வேண்டும். நட்சத்திரம் தெரியவே இல்லையென்றால், அச்சைப் பன்னிரண்டரை பாகைக்குச் சாய்த்து, திசைகாட்டியை நம்பலாம். உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் தமிழ்நாட்டில் வேறுபாடு மிகச் சிறிது. அரை நிமிட எக்ஸ்போஷருக்கு அது பெரும்பாலும் போதும். இழுபட்டால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸில் மட்டும் அவசரம் கூடாது. லைவ் வியூவில் சித்திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசிமுனைப் புள்ளியாகும்வரை வளையத்தை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பிறகு ஐஎஸ்ஓ 1600, ரா கோப்பு, முப்பது விநாடி. இப்படி 64 படங்களை சிரில் போன்ற இலவச மென்பொருளில் அடுக்கினால், படத்தின் இரைச்சல் எட்டில் ஒன்றாகக் குறையும். நடுப்பகுதி வெளுத்துப்போகாமல் இருக்க, பத்து விநாடியில் தனியாக ஒரு தொகுதியும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மையம் ஒளிமூட்டமாகவே இருக்கும். விளிம்பில் ஒவ்வொரு மீனும் தனித்தனியே பிரிந்து நிற்கும். அதைத் திரையில் முதல்முறை காண்கிற மகிழ்ச்சிக்கு ஈடே இல்லை.

ஆய்வகத்தின் பக்கம் வண்டி விளக்கையோ டார்ச்சையோ வானத்துக்கு அடிக்காதீர்கள். அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கியில் யாரோ ஒருவர் வேலை செய்துகொண்டிருப்பார்.

விடியுமுன் நேரமிருந்தால் லென்ஸில் படிந்த பனியைத் துடைத்துவிட்டு, விருச்சிகத்தின் கொடுக்குப் பக்கம் திருப்புங்கள். அங்கே எம் 7 கொத்து காத்திருக்கிறது; அதற்குப் பத்து விநாடியே தாராளம்.