கோடை விடுமுறையும் ஒரு தேக்கரண்டியும்

கோடை விடுமுறை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்தியதும் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் பறந்துவிடுகிறார்கள். மாந்தோப்பும் ஆற்றங்கரையும் அவர்களை வரவேற்கின்றன, ஈக்களும் வரவேற்கின்றன! வெட்டி வைத்த பழம், தெருவில் விற்கும் ஐஸ், ஊருக்கு ஊர் மாறும் ஜலம் ஆகியவற்றால் குழந்தைகளுக்கு உண்டாகும் பேதியைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். விடுமுறைக்கு ஏற்ற விஷயமா இது என்று முகம் சுளிக்கும் நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் அடுத்த வீட்டுக்கு இரண்டு வயதுப் பேரன் வந்திருந்தான். ஒரு நாள் காலையிலிருந்து ஓயாத பேதி. குழந்தை தண்ணீருக்கு அழுதது. பாட்டியோ, "வேண்டாமப்பா, கொடுத்தால் இன்னும் போகும்" என்று செம்பை மறைத்துவிட்டார். படித்தவர் என்ற ஹோதாவில் நாம் உள்ளே புகுந்தோம். ஒரு செம்புத் தண்ணீரில் சர்க்கரையும், கை கொண்ட மட்டும் உப்பும் போட்டுக் கலக்கினோம். நல்ல வேளையாக, எதிர் வீட்டு நர்ஸ் அம்மாள் வந்து சேர்ந்தார். "முதலில் நீங்கள் குடியுங்கள், ஸார்" என்றார். ஒரு வாய் குடித்தோம், கடல் நீர்தான்! அதைக் குடித்திருந்தால் குழந்தையின் நிலை இன்னும் மோசமாகியிருக்கும்.

பேதியில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் உடம்பிலிருந்து ஜலமும் உப்பும் வற்றிப்போவதே. வெறும் தண்ணீர் மட்டும் அந்த இழப்பை ஈடு செய்யாது. சிறுகுடலில் குளுகோஸ் உள்ளே போகும்போது உப்பின் சோடியத்தையும் கைபிடித்து அழைத்துச் செல்கிறது. அவற்றின் பின்னே ஜலம் போகிறது. இந்த நுட்பத்தை 1960-இல் ராபர்ட் கிரேன் என்னும் விஞ்ஞானி எடுத்துரைத்தார். கடும் பேதியிலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை.

இதன் பயனை உலகம் கண்டது நம் நாட்டிலேதான். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. எல்லையோர வனகாவ் நகரில் நரம்பில் ஏற்றும் ஸலைன் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மஹலானபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு வீதம் கலந்து, குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு இருபது முப்பது பேர் மாண்ட இடத்தில், இறப்பு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. 2022-இல் அவர் காலமானார்; மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. உயிரோடிருக்கையில் அளித்திருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே உத்தமம். உலக சுகாதார ஸ்தாபன முறைப்படி அமைந்ததா என்று மேலுறையைப் பார்த்து வாங்குங்கள். எத்தனை தண்ணீரில் கரைப்பதென்பதும் அதிலேயே இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். பொட்டலம் இல்லாத வேளையில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். குழம்புக் கரண்டி உதவாது! ருசி கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. சர்க்கரை மிகுந்தாலும் பேதி கூடும். ஆகையால் கலர் பானங்களும் புட்டிப் பழரசமும் ஆகா. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியானதும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாக ஊட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடரலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சி, குழைந்த சாதம், மோர் கொடுக்கலாம். பட்டினி போடுவது தவறு. துத்தநாக மருந்தைப் பற்றி வைத்தியரைக் கேளுங்கள்.

கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், குழந்தை குடிக்க மாட்டாமல் துவண்டு கிடந்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும், ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வழியிலும் ஊட்டிக்கொண்டே போகலாம்.

அந்தப் பேரனுக்கு அன்று மாலை சிறுநீர் பிரிந்தது. இரவில் மாம்பழம் கேட்டு ரகளை செய்தான். இவ்வாண்டும் வந்திருக்கிறான். பாட்டியின் அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இரண்டு பொட்டலங்கள் இருப்பதைக் கண்டோம்.