அடைக்கலப் பொருள்

ஒப்புவித்தல் என்னும் சொல் கிறிஸ்தவர்களாகிய நம்மிடையே பெரிதும் வழங்குவதொன்று. நோயுற்றாரைக் காணச் செல்லினும், தேர்வெழுதப் புகுவாரை வழியனுப்பினும், ஆண்டவரிடம் ஒப்புவித்துவிடுக என்று கூறுதல் நம் வழக்கம். கூறுதற்கு எளிதாயினும் அச்சொல்லின் பொருள் எளிதன்று. முயற்சியைக் கைவிடுதலே ஒப்புவித்தல் எனக் கருதுவார் சிலர். விரும்பியதை விரும்பியவாறே பெறுதற்கு அஃதோர் உபாயம் எனக் கருதுவார் வேறு சிலர். இவ்விரண்டும் அதன் பொருளாகாமையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பவுல் அப்போஸ்தலர் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், தாம் விசுவாசிக்கிறவர் இன்னார் என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், தாம் ஒப்படைத்ததை இறுதிநாள்வரை காத்தற்கு அவர் வல்லவர் என்றும் கூறுகின்றார். மூலமாகிய கிரேக்கத்தில் ஈண்டு வந்துள்ள சொல் பராதேக்கே என்பது. ஒருவன் தன் உடைமையை நம்பத்தக்கான் ஒருவனிடம் காத்தற்பொருட்டு வைத்துச் செல்வானாயின், அவ்வாறு வைக்கப்பட்ட பொருளை அச்சொல் குறிக்கும். இதற்கு நேரான தமிழ்ச்சொல் யாதெனின், அடைக்கலப் பொருள் என்னலாம்.

அடைக்கலம் என்றவுடன் தமிழ் பயில்வார் நெஞ்சில் தோன்றுவது சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையேயாம். மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை இடையர்குல முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தனர். அவளும் அதனைப் பெரும்பேறாகக் கொண்டு, தனி மனையளித்து, தன் மகள் ஐயையையும் துணையாக்கினள். அவள் அன்பிற் குறைவு யாதுமில்லை. எனினும், சிலம்பு விற்கச் சென்ற கோவலன் கொலையுண்டான், கண்ணகி பெருந்துயருற்றாள். அடைக்கலம் காக்க இயலாது போயிற்றென மாதரி தீயிற் புகுந்தனள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பால் உயிர் நீத்தனர்.

இதனால் அறியப்படுவது யாது? அடைக்கலம் ஏற்பார்க்கு அன்பு மட்டும் போதாது, வல்லமையும் வேண்டும் என்பதே. வல்லமை உடையார்க்கும் அன்பு இல்லையாயின் பயனில்லை. பாண்டியன் நெடுஞ்செழியன்பால் ஆற்றல் இருந்தது, ஆராயும் பொறுமையோ அன்று இல்லாதாயிற்று. அன்பும் வல்லமையும் ஒருங்கே நிறைந்த ஒருவரிடம் நம்மை வைத்தலே கிறிஸ்தவ ஒப்புவித்தலாம். ஆகலின் அதன் உறுதி நம் மனத்திண்மையைச் சார்ந்ததன்று. ஏற்பவர் இயல்பைச் சார்ந்தது. பவுலும் தம் விசுவாசத்தின் பெருமையைக் கூறாது, தாம் விசுவாசித்தவரை அறிந்தமையையே கூறினர்.

ஈண்டு ஒரு தடை எழும். கடவுள் வல்லவராயின், அவரிடம் ஒப்புவித்தார்க்கும் துன்பம் வருவதென்னை? தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கவேண்டுமெனப் பவுல் மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை. கெத்செமனேயில் நம் ஆண்டவர் வேண்டிய பாத்திரமும் அகலவில்லை. இத்தடையைப் புறக்கணித்துச் செல்லுதல் தகாது. நோயுற்ற பிள்ளையை இழந்த தாயை நோக்கி, உனக்கு விசுவாசம் குறைந்தமையாலன்றோ இது நேர்ந்தது என்பார் நம் சபைகளிலும் உளர். அங்ஙனமாயின் பவுலும் விசுவாசங் குறைந்தவர் ஆதல் வேண்டும், அது பொருந்தாது.

கெத்செமனே ஜெபத்தைக் கூர்ந்து நோக்குவார்க்கு இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, ஆண்டவர் தம் விருப்பத்தை மறைத்திலர். வியாகுலமுற்று, பாத்திரம் நீங்குமாறு வெளிப்படவே வேண்டினர். ஆகவே அழுதலும் கேட்டலும் ஒப்புவித்தலுக்கு மாறல்ல. இரண்டாவது, தம் விருப்பத்தைக் கூறியபின் பிதாவின் சித்தத்திற்கு இடந்தந்தனர். அவருக்கு அளிக்கப்பட்ட விடை சிலுவைக்கு விலக்கன்று. சிலுவைக்கு அப்பாலுள்ள உயிர்த்தெழுதலே. பவுலுக்கும் முள் நீங்கவில்லை. அதனைப் பொறுத்தற்குப் போதிய கிருபை கிடைத்தது. எனவே, காத்தல் என்பது காயம் படாது வைத்தலன்று. இழந்துபோகாது வைத்தல் என்று கொள்க.

இனி, ஒப்புவித்தல் சோம்பலுக்குப் புகலிடமன்று என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. மருத்துவ ஊழியக் குடும்பத்தில் இராணிப்பேட்டையில் 1870-இற் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், இந்தியாவில் ஊழியஞ் செய்வதில்லை என்னும் துணிபினராய் இருந்தார். நோயுற்ற தாயார்க்கு உதவத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓரிரவில் மூன்று வீட்டினின்றும் மூவர் தனித்தனியே வந்து, மகப்பேற்றில் வருந்தும் தம் மனைவியர்க்கு உதவுமாறு அவரை வேண்டினர். அவர் மருத்துவங் கல்லாதவர். மருத்துவராகிய தந்தையாரை அழைத்துச் செல்லவோ அவர்தம் வழக்கம் இடந்தரவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்டிரும் மாண்டனர். தம் விருப்பத்தைக் கடவுள் சித்தத்திற்கு விட்ட அம்மையார் கைகட்டி அமர்ந்திலர். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இற் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையோடு சிகிச்சை தொடங்கினார். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையும், 1918-இற் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. அவ்வூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அவற்றின் வளர்ச்சியேயாம்.

மாணவ நண்பர்களே, பட்டம் பெற்றபின் யாது செய்வோம் என்னும் கவலை நம்முள் பலர்க்கும் உண்டு. அக்கவலையைக் கடவுளிடம் கூறுதற்கு நாணவேண்டா. அதன்பின் நூலைத் திறந்து படித்தற்கும் தயங்கவேண்டா. நோயுற்றார்க்கு ஜெபமும் வேண்டும், மருந்தும் வேண்டும். கேட்டது கிடைப்பினும் கிடையாதொழியினும், நாம் அடைக்கலமாக வைக்கப்பட்டுள்ள கரம் அன்பு மிக்கது, வல்லமை மிக்கது. மாதரி இழந்ததுபோல் அக்கரம் நம்மை இழவாது.