எந்த லித்தியம் என்று கேளுங்கள்

வீட்டு இன்வெர்ட்டருக்கோ ஸ்கூட்டருக்கோ பேட்டரி வாங்கப் போகிறீர்கள். பெட்டியில் ‘லித்தியம்’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. அது மட்டும் போதாது. எந்த லித்தியம் என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

எல்லாம் ஒன்றுதானே?

வேலை செய்யும் விதம் ஒன்றுதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் போகின்றன. நீங்கள் ஃபேன் போட்டால் திரும்பி வருகின்றன. ஆனால் நேர்முனை எதனால் ஆனது என்பதில்தான் விலை, ஆயுள், தீ ஆபத்து எல்லாம் அடங்கியிருக்கிறது.

சந்தையில் இரண்டு வகைகள் முக்கியம். ஒன்று என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது). மற்றொன்று எல்.எஃப்.பி. (இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தது). என்.எம்.சி. குறைந்த எடையில் அதிக மின்சாரம் வைத்திருக்கும். எல்.எஃப்.பி. சற்றுக் கனம், ஆனால் நீண்ட ஆயுள், அதிகம் பயமுறுத்தாது.

தீப்பிடிப்பதில் என்ன வித்தியாசம்?

செல்லுக்குள் இருக்கும் திரவம் எளிதில் எரியக்கூடியது. என்.எம்.சி. செல் அளவு மீறிச் சூடானால் நேர்முனையே ஆக்சிஜனை வெளியிடுகிறது. எரியும் பொருளும் எரியவைக்கும் காற்றும் உள்ளேயே கிடைப்பதால், அந்தத் தீயை அணைப்பது பெரும்பாடு. எல்.எஃப்.பி.யில் ஆக்சிஜனை பாஸ்பரஸ் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. லேசில் விடாது. இதனால் தீயே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆபத்து குறைவு, அவ்வளவுதான்.

எல்.எஃப்.பி. புதுச் சரக்கா?

இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு 1997-லேயே இதை வெளியிட்டது. அதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். விலை மலிவான இரும்போடு சல்பேட் போன்ற தொகுதிகளைச் சேர்த்தால் மின்னழுத்தம் உயரும் என்று 1980-களில் குட்இனஃபுடன் சேர்ந்து காட்டினார். 2019-இல் நோபல் பரிசு பெற்ற குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவரும் அவரே.

கண்டுபிடித்ததும் கடைக்கு வந்துவிடவில்லை. இந்தப் பொருள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. துகள்களை மிக நுண்ணியதாக்கி, மேலே கரிப்பூச்சு கொடுத்த பிறகே உருப்பட்டது. கோபால்ட்டும் நிக்கலும் தேவையில்லை என்பதால் இன்று மின்வாரிய அளவிலான பெரிய சேமிப்பு நிலையங்களிலும் இதுவே அதிகம்.

கடைக்காரருக்கே தெரியாவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

லேபிளில் உள்ள வோல்ட் எண்ணைப் பாருங்கள். எல்.எஃப்.பி. செல் ஒன்று 3.2 வோல்ட். நான்கு சேர்ந்தால் 12.8, எட்டு சேர்ந்தால் 25.6, பதினாறு சேர்ந்தால் 51.2. இந்த எண்கள் இருந்தால் பெரும்பாலும் அதுதான். என்.எம்.சி. செல் 3.6 அல்லது 3.7 வோல்ட், அதனால் 11.1, 14.8 போன்ற எண்கள் வரும். வெறுமனே ‘48 வோல்ட்’ என்று முழு எண்ணாகப் போட்டிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. தயாரிப்பாளரின் விவரத்தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

என்னிடம் 150 ஏ.எச். டியூபுலர் (ஈய பேட்டரி வகை) இருக்கிறது. 100 ஏ.எச். லித்தியம் போதும் என்கிறார்களே?

ஏ.எச். என்பது ஆம்பியர் ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு). அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. டியூபுலரில் 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட் ஹவர். ஆனால் அது சீக்கிரம் கெடாமல் இருக்க வேண்டுமானால் பாதியளவே பயன்படுத்தலாம்: 900. எல்.எஃப்.பி.யில் 12.8 பெருக்கல் 100, அதாவது 1,280. அதில் தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம்: சுமார் 1,150. இரண்டு சாதாரண ஃபேனும் மூன்று எல்.இ.டி. விளக்கும் ஓடினால், இன்வெர்ட்டரில் வீணாவது போக, டியூபுலர் நான்கு மணி நேரம் தாங்கும், லித்தியம் ஐந்து மணி நேரம் தாங்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை.

முதலில் கொடுக்கும் பணம் அதிகம்தான். டியூபுலர் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் முறை சார்ஜ் ஏறி இறங்கும், நல்ல எல்.எஃப்.பி. இரண்டாயிரத்துக்கும் மேல் தாங்கும். தினமும் கரன்ட் போகிற ஊரில், அல்லது சோலார் வைத்த வீட்டில், போட்ட பணம் திரும்பிவிடும். மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் கரன்ட் போகிறதா? டியூபுலரே போதும், லித்தியத்துக்குச் செலவழிப்பது வீண்.

பழைய இன்வெர்ட்டரிலேயே மாட்டலாமா?

அதில் லித்தியத்துக்கான சார்ஜிங் அமைப்பு இருந்தால் மாட்டலாம். இல்லையென்றால் வேண்டாம். ஈய பேட்டரிக்காக அவ்வப்போது கூடுதல் வோல்ட் கொடுக்கும் இன்வெர்ட்டர்கள் உண்டு. அது லித்தியத்துக்கு ஆகாது. பேட்டரிக்குள் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்து, தேவைப்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் மின்சுற்று) இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று, பழைய செல்களைச் சேர்த்துக் கட்டிய பேட்டரியை வாங்காதீர்கள்.

நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

எந்த லித்தியமும் சூட்டில் சீக்கிரம் மூப்படையும். தகரக் கூரைக்கு அடியிலும், மேற்கு வெயில் அறையும் பால்கனியிலும் வைக்காதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினாலும் கெடும். ஆனால் நம் பக்கத்தில் அந்தக் கவலை ஊட்டியில் சில இரவுகளோடு சரி. ஸ்கூட்டரை வெயிலில் ஓட்டிவந்த கையோடு சார்ஜில் போடாமல், சற்று ஆறவிடுங்கள். மாடிப்படியை மறித்துக்கொண்டு சார்ஜ் போடாதீர்கள்; தீ என்றால் வெளியேறும் வழி அதுதான்.

இன்னொரு சந்தேகமும் வரும்: எண்பது சதவீதத்தோடு நிறுத்த வேண்டுமா? எல்.எஃப்.பி.யில் வோல்ட் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால் மீட்டருக்கே மீதம் எவ்வளவு என்று குழப்பம் வரும். அவ்வப்போது முழுவதும் ஏற்றினால்தான் கணக்கு சரியாகும்.

சோடியம் பேட்டரி, திட பேட்டரி எல்லாம் வரப்போகிறதாமே, காத்திருக்கலாமா? இன்றைக்கு வீட்டுக்குத் தேவை இருந்தால் காத்திருக்காதீர்கள். வாங்கும்போது பழைய ஈய பேட்டரியை மறக்காமல் டீலரிடமே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி ஆயுள் முடிந்த பிறகும் குப்பையில் போடாதீர்கள், நீங்களே பிரிக்கவும் வேண்டாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு.