அரங்கு கட்டினால் அணி வருமா?

தேர்தல் வந்தால் நமது ஊர்களில் கேட்கும் வாக்குறுதிகளில் விளையாட்டரங்கும் ஒன்று. உதைபந்தாட்டப் பிரியனான நான் அதற்கு எதிரானவன் அல்லன். ஆனால் யாருடைய பணத்தில், என்ன நிபந்தனையில் என்று முதலில் கேட்க வேண்டும். இதற்கு அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரம் நல்ல பாடம்.

தொழில்முறை அணியொன்றை ஈர்ப்பதற்காக அங்கு 1990களில் பொதுப் பணத்தில் பெரிய அரங்கொன்று கட்டப்பட்டது. 1995இல் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடும் ராம்ஸ் அணி வந்தது. அரங்கு நாட்டின் முன்னணி அரங்குகளுள் ஒன்றாக நீடிக்காவிட்டால் விலகலாம் என்ற ஒப்பந்த வாசகம் அணிக்கு வழிவிட்டது. 2016இல் ராம்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. கடன் மட்டும் மக்கள் தலையில் மிஞ்சியது.

காரணம் எளிது. அணிகளின் எண்ணிக்கையை லீக்தான் தீர்மானிக்கிறது. அணிகள் குறைவு, கேட்கும் நகரங்கள் அதிகம். எனவே பேரத்தில் அணியின் கையே ஓங்கும்.

பின்னர் உதைபந்தாட்ட அரங்குக்காக 60 மில்லியன் டொலர் பொதுப் பணம் கேட்கப்பட்டது. 2017 ஏப்ரலில் வாக்காளர்கள் மறுத்தனர். ஆனாலும் கனவு கலையவில்லை. நகரம் வரிச்சலுகைகளை வழங்க, தனவந்தக் குடும்பமொன்று பெரும்பாலும் தனியார் பணத்தில் 22,500 ஆசன அரங்கைக் கட்ட முன்வந்தது. 2019இல் அணிக்கு அனுமதி கிடைத்தது. 2023இல் அது களமிறங்கியது.

மக்கள் மறுத்ததால் உதைபந்தாட்டம் அழியவில்லை, பேரம்தான் மாறியது. பொதுப் பணம் அமானிதம். அரங்கு கேட்போம், அதற்கு முன் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்வோம்.