ஒரு தோட்டாவின் பூர்வோத்தரம்

பட்டாளத்தில் சேவித்துத் திரும்பிய பெரியவர்கள் வாழ்ந்த வீடுகளில், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பித்தளைத் தோட்டா ஒன்று அகப்படுவதுண்டு. சரித்திரம் போதிப்பவர்கள் என்ற காரணத்தால், அது எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்று நம்மிடம் விசாரிப்பவர்களும் உண்டு.

பதில் சொல்லுமுன் ஒரு வார்த்தை. தோட்டாவின் நுனியில் குண்டு இருந்தாலும், அடித்தட்டின் நடுவிலுள்ள சிறு வட்டத்தில் ஊசி குத்திய பள்ளம் இல்லாவிட்டாலும், அது உயிருள்ளது என்றே கொள்ள வேண்டும். அதைத் தேய்ப்பதும் தட்டுவதும் கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது குற்றமுமாகும். போலீஸ் நிலையத்துக்குச் செய்தி சொல்லி, அவர்களையே வந்து எடுத்துப் போகச் செய்வது உத்தமம். இனி நாம் கூறுவதெல்லாம் வெடித்துப்போன வெற்றுக் கூட்டைப் பற்றியே.

நம் நாட்டில் அதிகமாகக் கிடைப்பது .303 என்னும் வகை. பிரிட்டிஷ் சேனை 1888-இல் லீ-மெட்போர்டு ரைபிளுக்காக ஏற்றுக்கொண்ட தோட்டா அது. 1895-இல் வந்த லீ-என்பீல்டு ரைபிளும் அதையே உண்டது. கூட்டின் நீளம் 56 மில்லிமீட்டர். அடியில் நாணயத்தின் ஓரம் போலத் துருத்திய விளிம்பு. அதன் குறுக்களவு சுமார் 13.7 மில்லிமீட்டர். மேற்புறம் சீசாக் கழுத்துப்போல் குறுகியிருக்கும். பெயரைக் கண்டு ஏமாறலாகாது. .303 அங்குலம் என்பது குழலின் உள்ளளவு, குண்டோ.311 அங்குலம். அந்தச் சிறு மிகுதிதான் குழலுக்குள் திருகாக வெட்டிய வரிகளைக் கவ்விக் குண்டைச் சுழலச் செய்கிறது. அடித்தட்டில் K, F என்ற இரண்டு எழுத்துகளும் நடுவே அம்புக் குறியும் இருந்தால், அது புனாவை அடுத்த கிர்க்கியில் செய்யப்பட்டது. VII என்ற எண் 1910-இல் ஏற்கப்பட்ட ஏழாம் மாதிரியைக் குறிக்கும்.

இவ்வளவும் சுலபம். ஆனால் அதே விளிம்பும் அதே பருமனும் கொண்டு, கழுத்து மட்டும் இல்லாமல் வாய்வரை நேராக நிற்கும் கூடு ஒன்றும் கிடைக்கிறது. தேய்ந்து உடைந்த .303 என்று அதைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது .410 மஸ்கட்டுக்கு உரியது. .303 கூட்டையே கழுத்துக் குறுக்காமல் விட்டுச் செய்தது. அதற்கேற்ற துப்பாக்கியும் அப்படியே: வங்காளத்தின் ஈஷாப்பூர் தொழிற்சாலையில் லீ-என்பீல்டு ரைபிளின் குழலை வரிகளின்றி வழவழப்பாக்கி, பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டியில் மரக்கட்டையைச் செருகி அடைத்துவிட்டார்கள். ஒரு முறை சுட்டால், கையால் மறுபடி ஒன்றை இட்டே மறுமுறை சுடலாம். வெளித்தோற்றத்தில் சேனையின் ரைபிள். உள்ளே ஒற்றைக் குழல் வேட்டைத் துப்பாக்கி! ஆனால் வேட்டைக்காரர்களுக்குக் கடையில் விற்கும் .410 தோட்டா சற்றே பருத்தது. இதில் சரியாக நுழையாது.

இந்த மஸ்கட் யாருக்காக? போலீஸாருக்கும் காவற்காரர்களுக்கும். சந்தடியான வீதியில் ஒரு மைலுக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும் ரைபிள் தகாது என்பது நியாயமே; அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நியாயம் அவ்வளவோடு முடிந்ததாக நமக்குத் தோன்றவில்லை. வீதியின் க்ஷேமத்துக்கு வழவழப்பான குழல் போதுமே. தோட்டாப் பெட்டியை அடைப்பானேன்? சேனையின் .303 தோட்டா இதில் பயன்படாதபடி செய்ததையும் கவனிக்க வேண்டும். துப்பாக்கி கைமாறினாலும் தீங்கு குறைவு என்ற கணக்கு அதில் தெரிகிறது.

கணக்குப் பழையது. 1857-இல் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவால் கலகம் மூண்டதை யாவரும் அறிவர். அந்தத் தோட்டாவுக்குரிய என்பீல்டு ரைபிளின் உள்ளளவு .577 அங்குலம். கலகத்துக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென்று, அதே உருவம் கொண்ட துப்பாக்கியின் வரிகளைக் குடைந்தெடுத்து .656 அங்குல வெறுங்குழலாக்கி 1858-ஆம் மாதிரி என்று வழங்கினார்கள். தூரத்தில் குறி தவறும் துப்பாக்கி அது. பின்னும் வெகுகாலம், வெள்ளைக்காரப் பட்டாளங்கள் புது ஆயுதத்துக்கு மாறியபின் கழித்த ஆயுதமே நம்மவர் கைக்கு வந்தது. அவர்கள் மார்ட்டினி-ஹென்ரி ஏந்தியபோது இவர்களுக்கு ஸ்னைடர். அவர்களுக்கு லீ-மெட்போர்டு வந்தபோது இவர்களுக்கு மார்ட்டினி.

இன்னும் ஒரு மயக்கம் உண்டு. விளிம்பு துருத்தாமல், அடியருகே சுற்றிலும் பள்ளம் ஓடும் 51 மில்லிமீட்டர்க் கூடு கிடைத்தால் அது .303 அன்று. 1962-ஆம் வருஷத்துச் சீன யுத்தத்தை அடுத்து ஈஷாப்பூரில் செய்த 7.62 மில்லிமீட்டர் ரைபிளும் அந்தத் தோட்டாவையே ஏற்கும். பார்வைக்கு அதுவும் பழைய லீ-என்பீல்டே; தோட்டாப் பெட்டி மட்டும் சதுரமாயிருக்கும்.

.303 ரைபிளோ சுதந்திரத்துக்குப் பின்னும் நெடுங்காலம் போலீஸாரிடம் இருந்தது. உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020 ஜனவரி 26-ஆம் தேதி, குடியரசு தின அணிவகுப்பில்தான் அதற்கு விடை கொடுத்தார்கள்.