பாட்டி விட்டு வந்த மண்

"வானொலியில பேசுறவளுக்கு வாய்தான் வேலை செய்யும், கை செய்யாது" என்று அம்மா கிண்டல் செய்வார். அதைப் பொய்யாக்கத்தான் 2020-இல் ஈப்போவில் எங்கள் தாமான் வீட்டின் பின்புறம் காய்கறி நட இறங்கினேன். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியிருந்தது. கேமரன் மலையில் விற்க வழியின்றி காய்கறிகளைக் கொட்டுகிறார்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. இங்கே நாங்களோ ஒரு கட்டுக் கீரைக்கு வரிசையில் நின்றோம்.

மூன்றே மாதத்தில் தோற்றுப்போனேன். வெண்டை முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. கத்தரி பூத்துப் பூத்து உதிர்ந்தது. கடையில் வாங்கிய உரத்தை ஆசைக்கு ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டேன். மிளகாய்ச் செடியின் இலையோரம் கருகியது. பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "செடிக்குப் போட்டுக்கிட்டே இருக்கியே, மண்ணுக்கு என்னம்மா போட்ட?"

நம் மண்ணுக்கு என்ன குறை?

கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் வளர்ந்தது. ஈயக்கல்லைப் பிரிக்க மண்ணைத் தண்ணீரால் அலசியபோது, சத்தைப் பிடித்து வைக்கும் களிமண்ணும் மக்கிய பொருளும் அடித்துச் செல்லப்பட்டன. மிஞ்சியது வெள்ளை மணல். 1985-இல் ஈய விலை சரிந்தபின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்படிப்பட்ட பழைய ஈய நிலங்கள் பலவற்றில் இன்று தாமான்கள் நிற்கின்றன. வீடு கட்டும்போது மேலே கொட்டி இறுக்கிய செம்மண்ணும் உயிரற்றது. பழைய ரப்பர் நிலமாக இருந்தால் புளிப்புத் தன்மை அதிகம்.

போதாக்குறைக்கு நம் வானிலை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை சத்துகளைக் கரைத்துக் கீழே இறக்கிவிடுகிறது. வெயிலும் ஈரமும் சேர்ந்து, போட்ட தழையைச் சீக்கிரமே தின்றுவிடுகின்றன. குளிர்நாட்டில் ஒருமுறை போட்டால் நெடுநாள் நிற்கும் மக்கு உரத்தை, இங்கே நாம் ஆண்டுக்கு இரண்டு முறையாவது போட வேண்டியிருக்கிறது.

லயத்துக்குப் பின்னால்

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மதியம் வேலை முடிந்து வந்ததும் லயத்துக்குப் பின்னால் இருந்த குழிதான் அவருடைய இரண்டாவது வேலை. ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும்போது சாக்குச் சாக்காக அள்ளி வருவார். மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், வாழைத் தண்டு, காய்கறித் தோல் எல்லாம் அடுக்கடுக்காகக் குழிக்குள் போகும். பாகல், புடலை, பயற்றங்காய், முளைக்கீரை என்று வீட்டுக்குப் போக அண்டை வீட்டாருக்கும் இருக்குமாம்.

பாட்டி செய்ததற்குப் புத்தகத்திலும் இடம் உண்டு. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1924 முதல் 1931 வரை இந்தியாவின் இந்தூரில் ஆய்வு நடத்தினார். இந்திய உழவர்களின் அனுபவத்தையும் சீன விவசாயிகளின் வழக்கத்தையும் வைத்து, சருகு, சாணம், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி மக்கவைக்கும் 'இந்தூர் முறை'யை வகுத்து, 1931-இல் நூலாக்கினார். தேயிலை, காப்பித் தோட்டங்கள் வரை அது பரவியது. பாட்டிக்கு ஹோவர்டைத் தெரியாது. அவருடைய அம்மாவைத் தெரியும், அவ்வளவுதான்.

பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். முப்பது ஆண்டுகளாக உண்டாக்கிய கறுப்பு மண்ணை அப்படியே விட்டுவிட்டு, அம்மியோடும் இரண்டு கறிவேப்பிலைக் கன்றுகளோடும் பாட்டி லாரி ஏறினார். "மண்ண லாரில ஏத்த முடியுமா?" என்று இன்றும் கேட்பார். தாமானுக்கு வந்தபின் ஒரு விதைகூட அவர் ஊன்றவில்லை. அது ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

வாளியில் தொடங்கலாம்

அன்று முதல் பாட்டி சொல்லச் சொல்ல நான் செய்தேன். நீங்களும் செய்யலாம்.

மூடியுள்ள பெரிய வாளி ஒன்றின் அடியிலும் பக்கத்திலும் துளை போடுங்கள். ஒரு பங்கு காய்கறித் தோல், பழத்தோல், கோப்பிச் சக்கை போட்டால், அதன்மேல் இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகோ கிழித்த அட்டைப்பெட்டியோ போடுங்கள். நான் முதலில் சருகைக் குறைத்தேன். நாற்றத்தில் பக்கத்து வீட்டு அங்கிள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டார். சருகு கூட்டியதும் இரண்டே நாளில் நாற்றம் போனது.

மீன், இறைச்சி, சோறு, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், எலி வரும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். அதுதான் சரியான ஈரம். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். மூடியிலோ அடித்தட்டிலோ தண்ணீர் தேங்க விடாதீர்கள்; ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

இடமிருந்தால் ஒரு மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலத்தில் குவியலாக வைக்கலாம். அதன் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி வரை சூடேறி, களை விதைகளையும் நோய்க் கிருமிகளையும் அழிக்கும். வாளியில் அந்தச் சூடு வராது. அதனால்தான் என் மிளகாய்ப் பாத்தியில் பப்பாளி முளைக்கிறது!

இரண்டு மூன்று மாதத்தில் எது தோல், எது இலை என்று தெரியாமல் கறுத்து, மழை பெய்த மண்போல் மணக்கும். இரண்டு அங்குலம் பரப்பி, மேல்மண்ணோடு கலந்து, பிறகு நடுங்கள். புளிப்பு மண்ணென்றால் சுண்ணாம்புத் தூளும் தேவை. சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த ஈப்போவில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் பச்சைச் சாணத்தோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிவிடும். சில வாரம் இடைவெளி விடுங்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கூட்டிய சருகைக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, நம் மண்ணின் சாப்பாட்டை நாமே எரிக்கிறோம்.

பாட்டியால் இப்போது பின்வாசல் வரை நடக்க முடிவதில்லை. போன மாதம் பாத்தியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் போய் அவர் உள்ளங்கையில் வைத்தேன். மண்புழு ஒன்று நெளிந்தது. முகர்ந்து பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் சருகு போடு" என்றார். பிறகு மெல்ல, "அந்தப் பாகல் விதை கிடைச்சா ரெண்டு வாங்கிட்டு வா, நான் ஊன்றேன்" என்றார்.